ரெட்டிச்சாவடியில் பெட்டியைத் திறந்தது

ஆட்டோக்காரர் பெட்டிக்கும் ஓர் ஆள் கணக்குச் சொல்வார்.
நியாயம்தான். இருபத்தாறு கிலோ.
மிஷன் வீதி ஓட்டலின் மொட்டைமாடிக்கு
நாற்பத்தோரு படி.
பதினெட்டாவதில் ஒருமுறை இறக்கி வைப்பேன்.
ஓட்டல் பையன்கள் உதவ வருவார்கள்,
தூக்கிப் பார்ப்பார்கள்,
போய்விடுவார்கள்.

எவரிஸ்ட் தன் ஆம்ப்பைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறான்.
சோப்புக்கட்டி அளவு.
"அக்கா, உன் பெட்டியோட சத்தமும் இதுல இருக்கு,
பதினேழாம் நம்பர்."
கேட்டேன். இருந்தது.
சுவிட்சைத் தொட்டதுமே பேசியது,
அதுதான் எனக்கு ஒட்டவில்லை.

என்னுடையது உடனே வாய் திறக்காது.
முதல் சுவிட்சைப் போட்டால்
வால்வுகளின் அடிவயிற்றில் ஒரு பீடிக் கங்கு.
அது பழுத்து வருவதற்குள்
நான் ஆறு தந்திக்கும் சுருதி சேர்த்து
தண்ணீர் குடித்து
முதல் பாட்டு எது என்கிற சண்டையில்
தோற்றும் முடித்திருப்பேன்.
பிறகு இரண்டாவது சுவிட்சு.
உம்ம்ம் என்று ஓர் இரைச்சல்.
கண்ணைக் கட்டிவிட்டாலும் அதைக் கேட்டே
எந்த மண்டபமென்று சொல்வேன்:
நெல்லித்தோப்பில் எர்த் கிடையாது,
முத்தியால்பேட்டையில் ஐஸ்கிரீம் பெட்டியும்
நம்முடைய லைனில்தான்.

அரியாங்குப்பத்தில் ஒரு கல்யாண வரவேற்பில்
வோல்டேஜ் நூற்றெழுபதுக்கு இறங்கிவிட்டது.
பெட்டி கம்மிய குரலில், மூச்சு வாங்கி,
ஆனாலும் விடாமல் இழுத்தது.
பெண்ணின் மாமா மேடையேறி
"அந்த எஃபெக்ட் இன்னொரு வாட்டி" என்றார்.
மின்வாரியத்தைக் கேளுங்கள் என்று
நான் சொல்லவில்லை.

கடற்காற்று மாதத்துக்கு ஒரு திருகாணி தின்னும்.
என் பர்ஸில் சில்லறையோடு
எப்போதும் இரண்டு ஃப்யூஸ் கிடக்கும்.

டிசம்பரில், மஞ்சக்குப்பம் போகிற வழியில்
ரெட்டிச்சாவடியில் வேனை ஓரங்கட்டச் சொன்னார்கள்.
புதுச்சேரியிலிருந்து கடலூர் போகிற
எந்தப் பெட்டியும் முதலில் குற்றவாளி.
ஏட்டு டார்ச்சோடு குனிந்தார்.
பின்பக்கச் சல்லடைக்குள்
மினுக்கின கண்ணாடிகள்.
"பாட்டிலா?"
"வால்வு சார்."
"சரி, எத்தனை?"
"அஞ்சு."
"அஞ்சுக்காம்மா இவ்ளோ பெரிய பெட்டி?"

நிரூபிக்கச் சொன்னார்.
சாவடிக்குள் அவர் செல்போன் சார்ஜரைப் பிடுங்கி
அந்த ஓட்டையில் என் பிளக்கைச் செருகினேன்.
கங்கு பிடித்தது.
ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.
தூறல், ஈரத் தொப்பி,
ஆரஞ்சு வெளிச்சத்தில் அவர் மூக்கு.
கையைக் கிட்டே கொண்டுபோய்
குளிர் காய்கிறவர் மாதிரி விரித்தார்.
"வாசிக்கணுமா சார்?"
"வேணாம். இப்படியே இருக்கட்டும்."

சிதம்பரம் பஸ் ஒன்று போனது.
மண்டபத்திலிருந்து மூன்றாவது போன்.

"சரி, கெளம்பு. நான் விட்டுட்டேன்."
"அது விடல சார்.
சூட்டோட தூக்கிக் குலுக்கினா உள்ள கம்பி அறுந்துரும்.
ஒரு இருபது நிமிஷம்."

எவரிஸ்ட் வேனின் கதவை
இரண்டு முறை சாத்தினான்.
ஏட்டு ஸ்டூலை என் பக்கம் தள்ளினார்.
எங்களுக்குப் பின்னால் வந்த கார்களைப்
பார்க்காமலே கையசைத்து அனுப்பிக்கொண்டிருந்தார்.
அவற்றில் எத்தனை பாட்டில் போனதோ.

அன்று நாங்கள் தாமதம்.
முன்பணத்தோடு சரி, மீதியைத் தரவில்லை.
விருந்து முடிந்து
நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்று அடுக்கி
எச்சில் மேசையின் காகிதம் சுருட்டும்வரை
மேடையில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்,
அது ஆறுவதற்காக.
உள்ளே தகரம் சுருங்குகிற சத்தம்,
டிக், டிக்,
விட்டு விட்டு.
சமையல்காரர் ஒருவர்
யாருக்கம்மா காத்திருக்கே என்று கேட்டு
பதிலுக்கு நிற்காமல்
ஒரு கிண்ணம் பாயசம் வைத்துவிட்டுப் போனார்.

திரும்பும்போது ஒன்றரை மணி.
சாவடியில் யாரும் நிறுத்தவில்லை.
கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு
யார் எதைக் கடத்துவார்கள்?
எவரிஸ்ட் வாய் பிளந்து தூங்கினான்.
முள்ளோடைப் பள்ளத்தில் வேன் குதித்தபோது
என் கை தன்னால் போய்
பெட்டியைப் பிடித்துக்கொண்டது.